மழை டிக்கெட்

"ஏண்டா, மழை வந்தா ஆடறவன் உள்ளே ஓடிடறான். தரை நனையக் கூடாதுன்னு அதுக்கும் பாய் போட்டு மூடிடறான். காசு குடுத்து வந்த நாம மட்டும் ஏன் நனைஞ்சுகிட்டு உக்காந்திருக்கோம்?"

2008 ஜூலையில் ஒரு சாயங்காலம், பிலடெல்பியாவில் சிட்டிசன்ஸ் பேங்க் பார்க் என்கிற பேஸ்பால் மைதானத்தின் மேல் மாடியில் வைத்து என் அப்பா கேட்ட கேள்வி இது. அவர் உடம்பில் ஒரு பாலிதீன் போன்ச்சோ. தலைக்கு ஓட்டை போட்ட சாக்கு என்றால் சுலபமாகப் புரியும். அதற்குள் அப்பா, ரேஷன் கடை வாசலில் இறக்கிவைத்த மூட்டை மாதிரி இருந்தார். பத்து வருஷமாக நான் பேஸ்பால் பார்க்கிறேன். எத்தனையோ மழைகளில் நனைந்திருக்கிறேன். இப்படி ஒரு கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை. "எல்லாரும் உக்காந்திருக்காங்கப்பா" என்றேன். இது பதிலில்லை என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

அப்பா தந்தி இலாகாவில் முப்பத்துநாலு வருஷம் இருந்து ரிடையர் ஆனவர். அந்த வருஷம் மே மாதம் அம்மாவோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். அமெரிக்காவுக்கு வரும் எல்லா அப்பாக்களும் முதல் வாரம் செய்வதை அவரும் செய்தார். வாசலில் நின்று தெருவைப் பார்த்தார். தெருவில் ஒருத்தரும் இல்லை. இரண்டாவது வாரம், போகிற கார்களை எண்ணினார். மூன்றாவது வாரம் டி.வி. ரிமோட்டைக் கையில் எடுத்தவர், பேஸ்பாலில் வந்து நின்றார். ஒரு சீசனில் ஒவ்வொரு அணிக்கும் 162 மேட்ச். கிட்டத்தட்ட தினமும் உண்டு. இரவு ஏழு மணிக்கு ஆரம்பித்து பத்து வரை ஓடும். நம்ம ஊர் மெகா சீரியலுக்கும் இதற்கும் ஒரே வித்தியாசம், இதில் யாரும் அழுவதில்லை. பிலடெல்பியா டீம் ஆடினால் அதுவும் உண்டு.

பேஸ்பால் தெரியாத வாசகர்கள் பயந்து அடுத்த பக்கம் போய்விட வேண்டாம். நாலு வரிதான். ஒன்பது இன்னிங்ஸ். ஒவ்வொன்றிலும் இரண்டு அணியும் ஒரு தடவை பேட் பிடிக்கும். மூன்று பேர் அவுட் ஆனால் அந்த அணி இறங்கிவிட வேண்டும். மேட்சுக்கு நேரக் கணக்கு கிடையாது, ஓவர் கணக்கு கிடையாது. இருபத்தேழு அவுட் ஆகிற வரை நம்பிக்கை உண்டு. அவ்வளவுதான் விளையாட்டு.

அப்பாவைப் பிடித்து உட்கார வைத்தது விளையாட்டே அல்ல, ஸ்கோர் எழுதுகிற முறை. ஃபீல்டர்களுக்கு நம்பர் உண்டு. பந்து வீசுகிறவர் 1, கீப்பர் மாதிரி பின்னால் உட்காருகிற கேட்ச்சர் 2, அப்படியே 9 வரை. பந்து 6 கையிலிருந்து 4 வழியாக 3-க்குப் போய் இரண்டு பேர் அவுட் என்றால் '6-4-3', தீர்ந்தது கதை. மூன்று பந்தில் தோற்று ஒருத்தர் வெளியே போனால் K. பேட்டைச் சுழற்றிக் கோட்டைவிட்டால் நேர் K. சும்மா நின்று பந்தை வேடிக்கை பார்த்துவிட்டு அவுட் ஆனால் K-யைத் திருப்பிப் போட வேண்டும். அப்பா கண் விரிந்துவிட்டது. "டேய், இது தந்திடா!" என்றார். நம் தந்தி ஆபீஸிலும் வாழ்த்துகளுக்கு நம்பர் இருந்தது. கல்யாணத்துக்கு ஒன்று, தீபாவளிக்கு ஒன்று. நம்பரை அடித்தால் அந்தப் பக்கம் முழு வாக்கியமாக எழுதிக் கொடுத்துவிடுவார்கள். என் பையனின் பழைய நோட்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு, அன்றிலிருந்து ஒரு மேட்ச் விடாமல் எழுத ஆரம்பித்தார். பென்சிலில். "பேனா மழையில கரையும். பென்சில் கரையாது." டி.வி. முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு ஏன் மழைக் கவலை என்று கேட்டேன். "பழக்கம்" என்றார்.

அதற்கப்புறம்தான் அவரை மைதானத்துக்கு அழைத்துப் போனேன், போன அன்றே மழை.

கிரிக்கெட்டில் தூறல் என்றால் அம்பயர்கள் வானத்தைப் பார்த்துத் தாடையைச் சொறிவார்கள். பேஸ்பாலிலும் லேசான தூறலுக்கு அசைய மாட்டார்கள். வலுத்தால் நிறுத்தியாக வேண்டும், காரணம் இருக்கிறது. மணிக்கு தொண்ணூறு, தொண்ணூற்றைந்து மைல் வேகத்தில் பந்து தரையில் குத்தாமல் நேராக வருகிறது. நனைந்த பந்து விரலில் வழுக்கினால் அது போகும் இடம் எதிராளியின் தலையாக இருக்கலாம். அதோடு உள்வட்டம் பூரா களிமண். நாலு தூறலுக்கு மேல் அது நடவுக்குத் தயாரான வயல்.

ஆகவே தார்ப்பாய். சுமார் 170 அடிக்கு 170 அடி. பெரிய உருளையில் சுற்றி ஓரமாகவே வைத்திருப்பார்கள். கையசைத்ததும் பதினைந்து இருபது பேர் ஓடி வந்து உருட்டி, ஓரத்தைப் பிடித்துக்கொண்டு மைதானத்தின் குறுக்கே ஓடுவார்கள். காற்று அடியில் புகுந்துவிட்டால் தார்ப்பாய் அவர்களை இழுத்துக்கொண்டு ஓடும். காசு கொடுத்து உட்கார்ந்தவர்களுக்கு மழையில் கிடைக்கிற முதல் இலவசக் காட்சி இது. அப்பா எழுந்து நின்று பார்த்தார். "தேர் இழுக்கறா மாதிரி இருக்கு."

தார்ப்பாயைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. 1985 அக்டோபரில் செயின்ட் லூயிஸ் அணியில் வின்ஸ் கோல்மன் என்று ஒரு ஓட்டக்காரர் இருந்தார். அந்த சீசனில் மட்டும் நூறுக்கு மேல் பேஸ் திருடியவர். அவரை ஒருத்தராலும் பிடிக்க முடியவில்லை. மேட்சுக்கு முன்னால் தூறியதும், தானாகவே உருண்டு வரும் மெஷின் தார்ப்பாய் ஒன்று மெதுவாக வந்து அவர் காலில் ஏறிப் பிடித்துவிட்டது. அத்தோடு அந்த வருஷத்து ஆட்டம் அவருக்கு முடிந்தது. அவருடைய அணி வேர்ல்ட் சீரிஸில் தோற்றது. அப்பாவிடம் இதைச் சொன்னதும், "ஆமை முயல் கதை" என்றார் ஒரே வார்த்தையில். தந்திக்காரர்.

இன்னொரு தமாஷும் உண்டு. 1976-ல் ஹூஸ்டனில் ஒரு மேட்ச் மழையால் ரத்தானது. இதில் என்ன தமாஷ் என்றால், ஹூஸ்டன் மைதானத்துக்குக் கூரை உண்டு. உள்ளே ஒரு சொட்டு விழவில்லை. ஆனால் ஊர் பூரா வெள்ளம். ஆட்டக்காரர்கள் முன்னாடியே வந்துவிட்டார்கள், அம்பயர்களால் வர முடியவில்லை. கடைசியில் ஆட்டக்காரர்கள் மைதானத்துக்குள்ளேயே மேஜை போட்டுச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள்.

ஜூலைக்கு வருகிறேன். பாதி ஜனம் படியிறங்கிக் கூரைக்கு அடியில் ஒதுங்கிவிட்டது. அப்பா நகரவில்லை. மடியில் வேர்க்கடலைப் பொட்டலம். தோலோடு வறுத்தது. உரித்துத் தோலைக் காலடியிலேயே போடலாம், யாரும் கேட்க மாட்டார்கள். அமெரிக்காவில் அப்பாவுக்குப் பிடித்த ஒரே சுதந்திரம் இதுதான் என்று நினைக்கிறேன். குடையை விரித்தார். பின் வரிசையிலிருந்து ஒருத்தர் மறைக்கிறது என்று சத்தம் போட்டார். பார்க்க ஒன்றுமே இல்லாத மைதானத்தில் என்ன மறைக்கிறது? ஆனாலும் பிலடெல்பியாக்காரர்களோடு வாதாடக் கூடாது. 1968-ல் ஒரு ஃபுட்பால் மேட்சில் கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போட்டு வந்தவர் மேலேயே பனி உருண்டை எறிந்த ஊர் இது. குடையை மடக்கினோம்.

எங்கள் வீட்டில் அப்பாவும் நானும் அதிகம் பேசிக்கொண்டதில்லை. பெரும்பாலான வாசகர்களின் வீடும் அப்படித்தான் இருக்கும். "ஃபீஸ் கட்டியாச்சா?", "கட்டியாச்சு." "ரிசல்ட் வந்துதா?", "வந்துது." பதினைந்து வருஷம் இந்த அளவில் ஓடியது. அப்புறம் நான் அமெரிக்கா வந்தேன். ஞாயிற்றுக்கிழமை போனில், "சாப்பிட்டியா?", "சாப்பிட்டேன், இருங்க அம்மாகிட்ட குடுங்க." அப்பேர்ப்பட்ட அப்பா, அன்றைக்கு அந்தத் தார்ப்பாயைப் பார்த்துக்கொண்டே ஒரு மணி நேரம் பேசினார்.

1977 நவம்பர் புயல். நாகப்பட்டினம் பக்கம் கரையேறியது. அப்பா அப்போது மன்னார்குடியில். ராத்திரி மெட்ராஸிலிருந்து ஒரு தந்தி வந்துகொண்டிருந்தது. உள்ளூர் பள்ளிக்கூட வாத்தியார் ஒருத்தருக்கு. விலாசத்தை எழுதிக்கொண்டார். அப்புறம் 'யுவர் சன்' என்று இரண்டு வார்த்தை. அத்தோடு லைன் அறுந்தது.

"யுவர் சன்... என்னப்பா?"

"அதான் தெரியாதே. பாதித் தந்தியை டெலிவரி பண்ணக் கூடாது, ரூல். வெளியில சொல்லவும் கூடாது. ரெண்டு நாள் லைன் இல்லை. அந்த வாத்தியார் நம்ம தெருதான். காலையில பாக்கறேன், விழுந்த முருங்கை மரத்தை வெட்டிகிட்டிருக்கார். 'என்ன சார், காத்து பலமா?'ங்கறார். பையன் மெட்ராஸ் போயிருக்கான்னு எனக்குத் தெரியும். அந்த ரெண்டு நாளும் அவர் நல்லாத் தூங்கினார்டா. நான்தான் தூங்கலை."

"அப்புறம்?"

"மூணாம் நாள் லைன் வந்தது. 'செலக்டட்.' வேலை கிடைச்சிருக்கு பையனுக்கு. நானே சைக்கிள் எடுத்துகிட்டுப் போய்க் குடுத்தேன். அவர் எட்டணா இனாம் குடுத்தார், அஞ்சு நிமிஷத்துல சந்தோஷப்பட்டு முடிச்சுட்டார். எனக்குத்தான் கை நடுங்கிச்சு."

அந்த நேரத்தில் தார்ப்பாயைச் சுருட்ட ஆள் வந்துவிட்டார்கள். தேங்கிய தண்ணீரை ஓரத்தில் கவிழ்த்து, ஈர இடத்தில் சுட்ட மண் பொடியை மூட்டை மூட்டையாகத் தூவினார்கள். அப்பா நோட்டை எடுத்து, விட்ட இடத்தில் பென்சிலை வைத்தார். அன்று யார் ஜெயித்தார்கள் என்று எனக்கு நினைவில்லை. அவர் நோட்டில் இருக்கும்.

இந்த மழை விஷயத்தில் அமெரிக்கர்களிடம் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. ஐந்து இன்னிங்ஸ் முடியுமுன் மேட்ச் மழையால் கைவிடப்பட்டால், உங்கள் டிக்கெட் இன்னொரு நாளுக்குச் செல்லும். 'ரெயின் செக்' என்று பெயர், 1880-களிலிருந்து வழக்கம். இன்றைக்கு ஆபீஸில் சாப்பிடக் கூப்பிட்டு வர முடியாவிட்டாலும் 'ரெயின் செக்' என்றுதான் சொல்கிறார்கள். ஐந்து இன்னிங்ஸ் தாண்டிவிட்டால் வேறு கதை. சாதாரண மேட்சில் அப்போது யார் முன்னால் இருக்கிறாரோ அவர் ஜெயித்ததாகவே அறிவித்துவிடலாம். டக்வொர்த் லூயிஸ் மாதிரிப் பெருக்கல் வகுத்தல் கிடையாது. 1992-ல் சிட்னியில் தென்னாப்பிரிக்காவுக்கு நடந்த கொடுமையை ஞாபகம் வைத்திருக்கும் அப்பா இதைக் கேட்டுக் கொதித்தார். "அப்ப மழை ஜெயிச்சதுன்னு எழுதணும்."

அவர் வாய் முகூர்த்தம்.

அந்த வருஷம் பிலடெல்பியா பில்லீஸ் வேர்ல்ட் சீரிஸ் போனது. இது எவ்வளவு பெரிய விஷயம் என்றால், 1883-லிருந்து ஆடுகிற டீம், அதுவரை ஒரே ஒரு தடவைதான், 1980-ல், கோப்பை வாங்கியிருந்தது. 2007-ல் பத்தாயிரமாவது தோல்வியைத் தொட்டது. அமெரிக்காவில் எந்தத் தொழில்முறை விளையாட்டு அணியும் அதற்குமுன் எட்டாத சிகரம். எதிரி டேம்பா பே ரேஸ், புளோரிடாவில் கூரை போட்ட மைதானத்தில் வாழ்பவர்கள், சொந்த ஊரில் மழையே பார்க்காதவர்கள். (2024 அக்டோபரில் மில்டன் புயல் அந்தக் கூரையையே கிழித்துப் போட்டது. மழைக்கு ஞாபக சக்தி அதிகம்.) ஏழு மேட்ச் சீரிஸில் நாலு ஜெயிக்க வேண்டும். பில்லீஸ் மூன்று ஜெயித்தாகிவிட்டது. ஐந்தாவது மேட்ச் அக்டோபர் 27, திங்கட்கிழமை. ஆபீஸ் நண்பர் ஒருவர் வீட்டில் பிரசவம். அவருடைய இரண்டு டிக்கெட் என்னிடம் வந்தது. விலையில் கால் பங்கைத்தான் அப்பாவிடம் சொன்னேன். அதற்கே, "மன்னார்குடியில அரை கிரவுண்டு வாங்கியிருக்கேன் இந்தக் காசுல" என்றார்.

இதில் இரண்டு சிக்கல். ஒன்று, அன்றைக்குத் தீபாவளி. இரண்டு, மறுநாள் செவ்வாய் சாயங்காலம் அப்பா அம்மாவுக்கு ஊர் திரும்ப ஃபிளைட். ஆறு மாச அனுமதி அந்த வாரத்தோடு முடிகிறது, டிக்கெட்டைத் தள்ளிப்போட வழியில்லை.

"தீபாவளியும் அதுவுமா பந்தாட்டமா? அதுவும் மழையில?" என்றாள் அம்மா.

"எந்த வருஷம்டி மழையில்லாம தீபாவளி வந்தது?" என்றார் அப்பா. காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, புது வேட்டி கட்டி, லேகியம் சாப்பிட்டாயிற்று. சாயங்காலம் வேட்டிக்கு மேலேயே பேன்ட், ஸ்வெட்டர் இரண்டு, குரங்குக் குல்லா. என் மனைவி ஒரு டப்பாவில் முறுக்கு கொடுத்து, "மாமா, ஜாக்கிரதை" என்றாள். மேட்ச்சைச் சொன்னாளா, மழையைச் சொன்னாளா தெரியாது.

வாசலில் எல்லாருக்கும் ஆளுக்கொரு வெள்ளைத் துண்டு கொடுத்தார்கள். தலைக்கு மேல் சுழற்றி ஆரவாரம் செய்வதற்கு. அப்பா அதைத் தோளில் போட்டுக்கொண்டார்.

குளிர் ஏழு டிகிரி. முதல் இன்னிங்ஸிலேயே ஷேன் விக்டரீனோ ஓர் அடி அடித்து இரண்டு ரன் வந்துவிட்டது. கோல் ஹாமெல்ஸ் பிரமாதமாக வீசினார். நாலாவது இன்னிங்ஸில் ரேஸ் ஒரு ரன் திருப்பினார்கள். அதற்குள் தூறல் ஆரம்பித்து, ஐந்தாவதில் ஊசி ஊசியாக, ஆறாவதில் சாய்வாக அடிக்கிற மழையாகிவிட்டது. களிமண்ணில் குட்டை. ஆட்டக்காரர்களின் தொப்பி நுனியிலிருந்து தண்ணீர் ஒழுகுகிறது. அப்பா நோட்டைப் போன்ச்சோவுக்குள் வைத்து, கழுத்து வழியாகக் குனிந்து பார்த்து எழுதினார். வெளியிலிருந்து பார்த்தால் தன் வயிற்றோடு பேசிக்கொண்டிருக்கிற மனிதர்.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஐந்து இன்னிங்ஸ் தாண்டியாயிற்று. பில்லீஸ் 2, ரேஸ் 1. இந்த நிமிஷம் நிறுத்தினால்? ரூல் புத்தகப்படி பில்லீஸுக்குக் கோப்பை. எங்களைச் சுற்றி நாற்பத்தைந்தாயிரம் பேர் வானத்தைப் பார்த்து, பெய், இன்னும் பெய் என்று வேண்டுகிறார்கள். நானும் வேண்டினேன். இதை ஒப்புக்கொள்வதில் வெட்கம் இல்லை. அப்பா மட்டும், "நிறுத்தக் கூடாது. இது பாதித் தந்தி" என்றார்.

நிறுத்தவில்லை. ஆறாவது இன்னிங்ஸில் இரண்டு அவுட்டுக்கப்புறம் பி.ஜே. அப்டன் முதல் பேஸுக்கு வந்து, அந்தக் குட்டைக்குள் ஓடி இரண்டாவது பேஸைத் திருடினார். கார்லோஸ் பெனா அடித்தார். அப்டன் தண்ணீரைத் தெறிக்கவிட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார். 2-2. ரேஸின் இன்னிங்ஸ் முடிந்தது. உடனே தார்ப்பாய்.

அப்போது ஊர் முழுக்க ஒரு சந்தேகம், சமமாகட்டும் என்றுதான் காத்திருந்தார்களோ என்று. கமிஷனர் பட் செலிக், பில்லீஸ் முன்னிலையில் இருந்திருந்தாலும் மழையை வைத்து ஒரு கோப்பையை முடித்திருக்க மாட்டேன், இரண்டு அணிக்கும் முன்கூட்டியே சொல்லியிருந்தேன் என்று விளக்கினார். இது 2009 ஜனவரியில் எழுத்திலேயே ரூலாகிவிட்டது. ப்ளே-ஆஃப் மேட்ச் எதுவும் இனி மழையால் பாதியில் முடியாது, விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். ஆனால் அன்று ராத்திரி பதினோரு மணிக்கு மேல் அறிவிப்பு வந்தபோது ஒருத்தருக்கும் ஒன்றும் புரியவில்லை. வேர்ல்ட் சீரிஸ் சரித்திரத்தில் பாதியில் நிறுத்தி வேறு நாளுக்குத் தள்ளியது அதுதான் முதல் தடவை. நாற்பத்தைந்தாயிரம் பேர் 'பூ' என்று ஊளையிட்டார்கள். அப்பா பென்சிலைக் காது மேல் செருகினார்.

"எப்ப மிச்சம்?"

"நாளைக்கு மழை நின்னா நாளைக்கு. இல்லேன்னா புதன்கிழமை. இதே டிக்கெட் செல்லும்."

"சரி" என்றார். ரயிலில் வீடு வருகிற வரை வேறொன்றும் பேசவில்லை. முறுக்கு டப்பாவைத் திறந்தால் உள்ளே தண்ணீர்.

செவ்வாயும் மழை. மேட்ச் இல்லை. ஹோட்டலைக் காலிசெய்துவிட்ட டேம்பா பே அணி, பக்கத்து மாநிலத்தில் வில்மிங்டன் வரை போய் அறை பிடித்தது. நாங்கள் ஏர்போர்ட் போனோம். அம்மாவுக்கு அழுகை, என் மனைவிக்கு அழுகை, பையனுக்கு என்னவென்று தெரியாமல் அழுகை. அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். வாழ்க்கையைப் பற்றி ஏதோ சொல்லப் போகிறார் என்று பக்கத்தில் போனேன்.

"அந்த அப்டன் பயல் ரன் எடுத்தானே, அது ஸ்டோலன் பேஸோட சேத்துதானே எழுதணும்?"

"ஆமாம்பா."

"அதான் எழுதியிருக்கேன்" என்று சொல்லிவிட்டு, பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு செக்யூரிட்டிக்குள் போய்விட்டார்.

புதன்கிழமை மழை நின்றது. இரவு எட்டரைக்கு மிச்சம் மூன்றரை இன்னிங்ஸ். அப்பாவின் டிக்கெட்டை ஆபீஸ் நண்பர் ஒருவருக்குத் தருவதாகச் சொல்லியிருந்தேன். வீடு பூராவும் தேடுகிறேன், இல்லை. என்னுடையது மட்டும் சாமி அலமாரியில் பிள்ளையாருக்கு அடியில் பத்திரமாக இருந்தது. பஸ் டிக்கெட்டைக்கூடச் சட்டைப்பையில் ஒரு வாரம் வைத்திருக்கிற ஆசாமி, தன்னுடையதை எடுத்துக்கொண்டே போய்விட்டார். நண்பரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் தனியாகப் போனேன்.

பிலடெல்பியா முழுக்க ஒரு சீட்டுக்கு உயிரைவிடுகிற நாளில், என் பக்கத்து சீட் காலி. வந்தவன் போனவன் எல்லாம் கேட்கிறான். என்ன சொல்வது? இருபத்தைந்து வருஷம் டவுன் பஸ்ஸில் பிரயாணம் செய்த கை, தானாக வேலை செய்தது. வெள்ளைத் துண்டை எடுத்து அந்த சீட்டில் போட்டேன். ஆள் வரும் என்றேன். பின் வரிசைக்காரர் என்னைப் பார்த்து, துண்டைப் பார்த்து, ஏதோ புரிந்த மாதிரித் தலையாட்டினார். அவருக்கு என்ன புரிந்தது என்று நான் கேட்கவில்லை.

அப்புறம்தான் யோசனை வந்தது. இங்கே எட்டரை என்றால் தாம்பரத்தில் மறுநாள் காலை ஆறு. ராத்திரி போய் இறங்கியிருப்பார்கள், தூக்கம் வராமல் விழித்துக்கொண்டுதான் இருப்பார். ஐந்து டாலர் காலிங் கார்டைச் சுரண்டி, பதினான்கு நம்பர் அழுத்தி, அப்புறம் வீட்டு நம்பர் அழுத்தினேன். ஒரே மணியில் எடுத்தார்.

"ஆரம்பிச்சாச்சா? இரு, நோட்டு எடுத்துக்கறேன்."

அங்கே இருந்த இரைச்சலில் வாக்கியமாகப் பேசவே முடியாது. கையைக் குவித்துக்கொண்டு நம்பரும் பெயருமாகக் கத்தினேன். அவர் அந்தப் பக்கம் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொண்டு எழுதினார்.

"ஜென்கின்ஸ். டபுள்."

"ஜென்கின்ஸ் டபுள். அடுத்து."

"ராலின்ஸ். பன்ட். அவுட். ஜென்கின்ஸ் மூணாவது பேஸ்."

"அடுத்து."

"வெர்த். சிங்கிள். ஒரு ரன். 3-2!"

ஏழாவது இன்னிங்ஸில் ரோக்கோ பால்டெல்லி ஹோம் ரன் அடித்து 3-3 ஆக்கினார். "பால்டெல்லி. ஹோம் ரன்" என்று செத்த குரலில் சொன்னேன். அப்பா குரலில் மாற்றமே இல்லை. "அடுத்து." துக்கத் தந்தி எத்தனை வாங்கியிருப்பார்.

அதே இன்னிங்ஸில் இன்னொன்று. இரண்டு அவுட். இரண்டாவது பேஸில் ரேஸ் ஆள் பார்ட்லெட். பந்து நடுவே உருண்டு போனது. பில்லீஸின் 4-ஆம் நம்பர் சேஸ் அட்லி ஓடிப் பிடித்தார். எல்லாரும் செய்வது முதல் பேஸுக்கு எறிவது, அதாவது 4-3. அட்லி எறிகிற மாதிரிக் கையை ஓங்கி, எறியாமல், சடக்கென்று வீட்டுப்பக்கம் கேட்ச்சருக்கு எறிந்தார். ஏமாந்து ஓடி வந்த பார்ட்லெட் அவுட். நான் தொண்டை கிழிய, "4-2! 4-2!" என்றேன்.

அந்தப் பக்கம் மௌனம்.

"4-3ன்னு சொல்லு. தப்பா வருது."

"தப்பில்லப்பா! 4-2!"

"இரண்டு அவுட்டுக்கப்புறம் எதுக்குடா 2-க்கு எறியறான்? மறுபடியும் சொல்லு."

"4. 2."

கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. அவர் மனசுக்குள் அந்த மைதானத்தில் பந்து ஓடிக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. பிறகு மெதுவாக, "அட படவா" என்றார். எட்டாயிரம் மைலுக்கு அந்தப் பக்கம், பார்க்காமலே, அந்த ஆட்டத்தின் மிகச் சிறந்த எறியை இரண்டு எண்களில் அவர் பார்த்துவிட்டார். எனக்கு அதை விளக்க வேண்டியிருக்கவில்லை.

அந்த இன்னிங்ஸின் மறுபாதியில் பரெல் டபுள், ஃபெலிஸ் சிங்கிள், பில்லீஸ் 4-3. ஒன்பதாவது இன்னிங்ஸ். பிராட் லிட்ஜ் வீச வந்தார். அந்த வருஷம் முன்னிலையைக் காப்பாற்றக் கொடுத்த ஒரு மேட்சைக்கூட அவர் விட்டதில்லை. இரண்டு அவுட். ரேஸ் ஆள் ஒருத்தர் இரண்டாவது பேஸில். பேட் பிடிப்பவர் எரிக் ஹின்ஸ்கி. மைதானமே நின்றுகொண்டிருந்தது. ஒரு ஸ்டிரைக். இரண்டு. பந்து குனிந்து மண்ணைப் பார்த்து இறங்கியது.

"K!" என்று கத்தினேன். "K!"

நாற்பத்தைந்தாயிரம் பேர் சத்தத்துக்குள் அப்பா ஏதோ கேட்கிறார். என்ன? என்னப்பா? ஒரு பெண்மணி ஆங்கிலத்தில் சாந்தமாக, கார்டில் பணம் தீர்ந்துவிட்டது என்றாள்.

முன்பின் தெரியாத ஆறேழு பேரைக் கட்டிப்பிடித்தேன். பின் வரிசைக்காரர் காலி சீட்டில் கிடந்த துண்டை எடுத்து உதறி, மடித்து, என் கையில் கொடுத்தார். வீட்டுக்கு வர ராத்திரி ஒரு மணி. ஊரே ரோட்டில் நின்று கத்திக்கொண்டிருந்தது. வந்ததும் வீட்டு போனிலிருந்து அடித்தேன். அம்மா எடுத்தாள். "என்னடா ஆச்சு? உங்கப்பா காலையிலேருந்து டிபன்கூடச் சாப்பிடாம போன் பக்கத்துலயே உக்காந்திருக்கார்."

அப்பா வாங்கினார். கோப்பையைப் பற்றிக் கேட்கவில்லை. ஊர் கொண்டாட்டம் பற்றிக் கேட்கவில்லை.

"அந்தக் கடைசி K, நேரா, திருப்பியா?"

"நேருப்பா. சுத்திட்டான்."

பென்சில் உராய்கிற சத்தம் போனில் கேட்டது.

"சரி. என் டிக்கெட் இங்கே சட்டைப்பையில இருக்கு. வெயில்ல காய வெச்சிருக்கேன். இது இன்னும் செல்லுமா?"

"செல்லாதுப்பா. மேட்ச் முடிஞ்சு போச்சு."

"அதெப்படிடா? நான் இன்னும் பாக்கலியே" என்றார்.